ஒரு காஜா தள்ளி

“அம்மா, அந்தக் கையுறையை அவர் போட்டுக்கறாரா, இல்லையா? ஒரு வாரமா இங்கே ஒண்ணுமே பதிவாகலையே” என்றார் தெரபிஸ்ட், போனில்.

“தினமும் நான்தானே மாட்டிவிட்டு வேலைக்கு வர்றேன்.”

தையற்கடையில் இருந்தவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்ட கணவர், வீட்டிலேயே விரல்களுக்குப் பயிற்சி எடுக்கக் கொடுத்த கருவி அது. மாட்டிக்கொண்டு விரலை மடக்கினால் திரையில் பலூன் வெடிக்கும். மாலையில் போய்ப் பார்த்தால் மனிதர் வியர்த்து விறுவிறுத்துக் கிடக்கிறார். ஒரு பலூன்கூட வெடிக்கவில்லை என்றால் எப்படி?

அதைவிடப் பெரிய குழப்பம் அவர் சட்டை. காலையில் அவள் போட்டுவிடும் பொத்தான்கள் மாலையில் ஒரு காஜா தள்ளி நிற்கின்றன. நாள் முழுக்கச் சட்டைகளுக்குக் காஜா எடுப்பவள், வீட்டில் மட்டும் எப்படித் தப்பாகப் போடுகிறாள்? தனக்குத்தான் புத்தி பிசகுகிறதோ?

வீட்டுக்குப் போனதும் பிடித்துக்கொண்டாள்.

“கையுறை எங்கே?”

“பல்லால பட்டையை இழுத்துக் கழட்டிட்டேன்.”

“ஏங்க, கை சரியாகணும்னு உங்களுக்கு அக்கறையே இல்லையா?”

“அதைப் போட்டுக்கிட்டா வேலை ஓடல.”

“அப்படி என்ன வேலை உங்களுக்கு?”

இன்றைக்கும் சட்டை கோணல்தான். அலுத்துக்கொண்டே பொத்தானைக் கழற்றப் போனாள்.

மடங்கிய விரல்களால் அவர் அவள் கையைத் தள்ளினார்.

“கழட்டாதே. நீ போட்டதை எல்லாம் கழட்டிட்டு, சாயங்காலம் வரைக்கும் போராடி நான் போட்டது அது.”