நாற்பது நிமிடம்

தாமாக முன்வந்து போருக்குச் சேர்ந்தவர்கள் வாரத்துக்கு ஒருமுறை வீட்டோடு மூன்று நிமிடம் பேசலாம். நேரத்தை ஒதுக்குவது முகாமின் கணினி. போன மாதம் அது லூர்துவுக்குப் பதினொரு நிமிடம் கொடுத்தது. மறுநாள் ரோந்துக்குப் போனவன் திரும்பவில்லை. அடுத்து கணேசமூர்த்திக்கு இருபது. அவனும் வரவில்லை. அதிலிருந்து, திரையில் மூன்றைப் பார்த்த பிறகுதான் எல்லோருக்கும் மூச்சே வந்தது.

இன்று காலை துரைப்பாண்டிக்கு நாற்பது வந்திருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்கள்.

மூன்றாவது நிமிடத்தில், "வச்சிரட்டுமா ராணி?" என்றான். சீக்கிரம் வைத்துவிட்டால் கணினி மனம் மாறாதா என்று ஒரு நப்பாசை.

"அதுக்குள்ள நேரம் முடிஞ்சிருச்சா?"

மனைவியிடம் அவனுக்குப் பொய் வராது. "இல்ல. இன்னைக்கு நாப்பது நிமிஷம் குடுத்திருக்காங்க."

"நாப்பதா?" அவள் குரல் பூரித்துப்போனது. "அங்க உங்களுக்கு நல்ல பேரு போலிருக்கு. இருங்க, பாப்பாவ எழுப்பிட்டு வாரேன்."

திரையில் இன்னும் முப்பத்தாறு நிமிடம் மீதமிருந்ததைத் துரைப்பாண்டி பார்த்தான்.

"மெதுவா எழுப்பு," என்றான். "புள்ள பயந்துரப் போவுது."