உயர்த்திய வாசற்படி

இது நான் பார்த்ததல்ல. பார்த்தவரிடம் கேட்ட ஒருவர் சொன்னது.

போன மழையில் தெருவெள்ளம் வாசல் வழியே புகுந்து, அடையிலிருந்த செவலைக் கோழியின் முட்டைகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதனால் இந்த வருஷம் வீட்டுக்காரர் செங்கோடன் வாசற்படியை முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் வைத்து உயர்த்தினார். செவலைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூலைக்கூடையில் மறுபடி அடை உட்கார்ந்தது.

"அக்கா, சுவரோரம் தண்ணி வெளியே போற ஓட்டையையும் சேத்து அடைச்சிட்டாரே," என்றது பானைக்கடியில் குடியிருந்த தேரை.

"வெள்ளம் அது வழியாவும் வருமில்ல? முட்டை போனவளுக்குத்தான் தெரியும். நீ சும்மா இரு."

ஒரு ராத்திரி ஐப்பசி மழை, கூரையில் ஓடு விலகிய இடத்தில் இறங்கியது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது, வெளியேற வழியில்லை. கூடையின் அடி நனைந்ததும் செவலை பதறி எழுந்தது.

"ஐயோ, இப்ப என்னடா பண்றது?"

"எனக்கென்ன, நான் நீந்துவேன். நீ கத்து அக்கா, வீடே எந்திரிக்கிற மாதிரி கத்து!"

செவலை கத்திய கத்தலில் செங்கோடன் கடப்பாரையோடு ஓடிவந்து வாசற்படியைப் பெயர்த்தார். தண்ணீர் தெருவுக்கு ஓடியது. முட்டைகள் தப்பின.

பின்னால் நான் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வாசற்படியைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள், ஒரு சாண் கூடுதலாக.