உளுந்து காயும் சாலை

நன்னிலம் பக்கம் பங்குனியில் உளுந்துச் செடியைப் பிடுங்கிச் சாலையில் பரப்பிவிடுவார்கள். லாரி ஏறினால் காய் வெடித்து உளுந்து உதிரும். தஞ்சாவூர் லாரி கம்பெனி ஒன்றில் ஓட்டும் இளஞ்செழியனும் அவர்களுக்காக மேலே ஏற்றித்தான் போவான்.

அன்று மதியம் பின்சக்கரம் எதன் மீதோ ஏறியது. நிறுத்தினான். செடிக்கு அடியிலிருந்து ரத்தம் வழிந்தது.

“யாராச்சும் அடிபட்டா எறங்காத, நேரா ஸ்டேஷனுக்குப் போ” என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அவன் இறங்கிவிட்டான்.

வயலிலிருந்து ஏழெட்டுப் பேர் ஓடிவந்தார்கள். ஒருவன் செடியை விலக்கிப் பார்த்து அலறினான்.

“தங்கையன் மாமாவக் கொன்னுட்டான்டா!”

மண்வெட்டிக் காம்பு விழுந்து இளஞ்செழியனின் முன்பல் தெறித்தது. சாலையில் விழுந்தான்.

“உள்ள ஆள் இருக்கறது தெரியலண்ணே!”

“கண்ணு என்ன பொடனியிலயாடா இருக்கு?” ஒருவன் அவன் தலைக்கு நேரே கல்லை ஓங்கினான்.

“விடுங்கடா. வெயில் தாங்காம நான்தான் உள்ள படுத்துக்கிட்டேன்.”

எல்லோரும் விலகினார்கள். தங்கையன் குனிந்து இளஞ்செழியனைத் தூக்கி நிறுத்தினார். அவர் நெஞ்சு அமுங்கியிருந்தது; சட்டையின் குறுக்கே டயர் தடம். சக்கரத்துக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கால்களும் அவருடையவைதான்.

“வண்டியக் கொஞ்சம் முன்னால எடுங்க தம்பி,” என்றார். “இன்னும் என் மேலதான் நிக்குது.”