அறுபது கிலோ பலாப்பழம்

நான் குனிந்து தூக்கி ஏற்றிய பலாப்பழத்தின் எடை தாங்காமல், மினி லாரியின் முன்சக்கரங்கள் இரண்டும் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பின.

பழம் அறுபது கிலோ. எனக்கு வயது அறுபத்தேழு.

முப்பத்தாறு வருஷம் ஆலங்குடிப் பக்கம் சர்வேயராக அங்குலம் பிசகாமல் நிலம் அளந்தவன் நான். ரிட்டயர்டு ஆன பிறகு எனக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

எட்டு வருஷத்துக்கு முன் முதுகில் 'மட்'டென்று ஒரு சத்தம். டிஸ்க் விலகிவிட்டது. "இனிமே குனியவே கூடாது பெரியப்பா. முதுகு ஸ்கேல் மாதிரி நிக்கணும்" என்றான் தெருமுனையில் ஜிம் வைத்திருக்கும் மலையாண்டி.

அன்றிலிருந்து நான் குனியவில்லை. பேப்பரைக் கால் விரலால் எடுத்தேன். சாமி முன்னால் கொடிமரம் மாதிரி நின்றேன். கீழே விழுந்ததையெல்லாம் என் மனைவி கண்ணாத்தாள் எடுத்துக் கொடுத்தாள். அப்படியும் தும்மினால் பிடித்துக்கொண்டது.

இந்த மாசியில், பிசியோதெரபி படித்துவிட்டு ஊருக்கு வந்த சுடர்விழி என் முதுகை அமுக்கிப் பார்த்தாள்.

"எட்டு வருசம் ஒரு கையக் கட்டித் தொங்கவிட்டா, அந்தக் கை என்னத்துக்குங்கய்யா ஆகும்? முதுகும் அப்படித்தான். கொஞ்சங்கொஞ்சமாக் குனிஞ்சு தூக்குங்க."

டம்பெல் வாங்கச் சொன்னாள். நான் வாங்கவில்லை.

கொல்லையில் பலாமரத்தின் அடியில், தரைக்கு ஒரு முழம் மேலே ஒரு பிஞ்சு தொங்கியது. தினமும் காலையில் குனிந்து அதை ஏந்தி, நாலு விரற்கடை உயர்த்தி இறக்கினேன். டம்பெல்லுக்கு நாம்தான் எடை கூட்ட வேண்டும். இது தூங்கும்போதே கூடியது.

ஆனால் காம்பு பாதி பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. முழுப் பாரத்தை நான் தூக்கியதே இல்லை.

நேற்று அந்தப் பழத்தை வெட்டினார்கள். லோடு ஏற்றுகிறவர்கள் அடுத்த தோப்புக்குப் போய்விட்டார்கள். டிரைவர் ஹாரன் அடித்தபடி இருந்தான். மலையாண்டி வந்தான். நெஞ்சை நிமிர்த்தி, முதுகை நேராக்கி, முறைப்படி தூக்கினான். இரண்டு தடவையும் முள் குத்திக் கீழே வைத்துவிட்டான்.

பலாப்பழத்துக்குக் கைப்பிடி கிடையாது. வயிற்றோடு சேர்த்து அணைத்தால்தான் வரும். முதுகு வளையாமல் அணைக்க முடியாது.

ஒரு சாக்கைப் போர்த்தி, நான் குனிந்தேன்.

"பெரியப்பா, முதுகு! முதுகு!"

கண்ணாத்தாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அணைத்தேன். தூக்கினேன். லாரிப் பலகையில் வைத்தேன்.

'மட்'டென்று ஒரு சத்தம்.

ஒருவரும் அசையவில்லை. நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன். வலி வரும் வழி எனக்கு அத்துப்படி: இடுப்பு, தொடை, கெண்டைக்கால்.

வரவில்லை.

சட்டைப் பையிலிருந்து என் மூக்குக் கண்ணாடியின் சில்லுகள் தரையில் உதிர்ந்தன.

கண்ணாத்தாள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இருபத்தி மூணு கிலோவ ஏத்துறதுக்குள்ள என் உசுரையே எடுத்துட்டீங்க!"

"நான் சொன்னது தப்புத்தான் பெரியப்பா" என்றான் மலையாண்டி. டிரைவர் கை தட்டினான்.

என் முதுகு தேறிவிட்டதென்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் நம்பவில்லை. ஒரு தடவை தப்பியது குருட்டு அதிர்ஷ்டம் என்று, லாரிப் பலகையைப் பிடித்தபடி விறைத்து நின்றான்.

"நகருங்க, சில்ல நான் பொறுக்குறேன்" என்று கண்ணாத்தாள் குனியப் போனாள்.

"இரு" என்றேன்.

குனிந்தேன். ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கினேன், ஒரு அவசரமும் இல்லாமல். பொறுக்கி முடித்த பிறகும், தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன்.

நிமிர்ந்தபோதும் வலி வரவில்லை.

"சரி, தூக்கியது உண்மைதான்" என்று அந்த ஆளும் கடைசியில் ஒப்புக்கொண்டான்.

அவனுக்கும் எனக்கும் ஒரே பென்ஷன் புத்தகம்தான்.