வாசலில் நின்ற ஓடு

முகத்துவாரச் சேற்றில் வாழ்ந்த கோணன் என்ற நண்டுக்குப் பேரன் எடுத்த வயதில் மறுபடி ஓடு கழன்றது. உடம்பு வெண்ணெயாகக் குழைந்துவிட்டது. சின்ன வயதில் கழன்றால் வளர்கிறான் என்பார்கள், இந்த வயதில் என்ன சொல்வார்கள்? கூசிப்போனான் கோணன். கழன்ற ஓடு கால், கொடுக்கு எதுவும் குறையாமல் அச்சாக அவனைப் போலவே இருந்தது. அதை வளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே பதுங்கிக்கொண்டான்.

போகிறவர் வருகிறவர் எல்லாம் அதற்கு வணக்கம் வைத்தார்கள். "அண்ணன் என்ன கம்பீரமா நிக்கிறாரு!" என்றான் ஒருவன். கோணன் உள்ளே பசியோடு அழுதான்.

பக்கத்து வளைப் புள்ளியக்கா மட்டும் தினமும் நின்று பேசினாள். ஒருநாள் அவள் பேசிக்கொண்டிருந்தபோதே அலை வந்து ஓட்டை அடித்துக்கொண்டு போனது.

"ஐயோ, கோணன் போயிட்டானே!" என்று கொடுக்கால் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

கோணனால் தாங்க முடியவில்லை. "அக்கா, நான் உள்ளேதான் இருக்கேன். ஓடு கழண்டுபோச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதே."

"பாவி! இத்தனை நாளா வெறும் ஓட்டுக்கிட்டயா தொண்டை கிழியப் பேசினேன்?" அவள் சிரித்த சிரிப்பில் சேறு தெறித்தது. "போன மழைக்கு எனக்கும் கழண்டுச்சுடா. நானும் அதைத்தான் வாசல்ல நிறுத்தினேன். நீ தினமும் வந்து சௌக்கியம் விசாரிச்சே!"

கோணனுக்கும் சிரிப்பு பீறிட்டது.

புள்ளியக்கா கொஞ்சம் பாசியை உள்ளே தள்ளிவிட்டு, வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இத்தனை நாளா உள்ளே அடக்கி வச்சதையெல்லாம் தின்னுக்கிட்டே சொல்லு. புது ஓடு கெட்டியாகிற வரைக்கும் நான் இங்கதான்."

கோணன் ஆரம்பித்தான். கடல் ஏறி வடிந்தது. அவன் நிறுத்தவில்லை.

"டேய், நடுவுல மூச்சு விட்டுக்கடா!" என்றாள் புள்ளியக்கா.