பூபாலன் குரலில் பனி எச்சரிக்கை

அன்று மாலை நானும் என் கணவர் பூபாலனும் தக்காளி நாற்றுகளைச் சாக்கால் மூடிவிட்டு வந்து, வேகவைத்த உருளைக்கிழங்கை ஒரே தட்டில் தின்றோம். மறுநாள் நெஞ்சுவலியில் அவர் போய்விட்டார்.

வீட்டில் யார் சொன்னால் எழுந்திருப்போமோ, அவர் குரலையே பனி இறங்குமுன் கூப்பிட்டு எச்சரிக்கும் கருவிக்குக் கொடுப்பது எங்கள் மலையூரான மன்னவனூரின் வழக்கம். அடுத்த தை மாதத்திலும் கருவியில் அவர்தான் கூப்பிட்டார். "ஏ புள்ள, இன்னைக்குப் பனி இறங்கும். நாத்த மூடிரு." மூடாவிட்டால் மறுபடி கூப்பிடுவார். பிறகு சீண்டல் தொடங்கும். "மகாராணிக்கு நாந்தான் வந்து மூடணுமாக்கும்?"

அதைக் கேட்பதற்காகவே எழாமல் உட்கார்ந்திருந்தேன். காலையில் நாற்றெல்லாம் கருகிக் கிடந்தது.

பக்கத்துத் தோட்டத்துச் சுகன்யா, அவளுக்கே போதாத நாற்றில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

"ஏக்கா, கருவி கூப்பிடலையா?"

"இல்லம்மா" என்றேன்.

"நாசமாப் போன மிஷினு! கம்பெனிக்காரன வரச் சொல்றேன். வேற குரல் போட்டுத் தருவான்." போனைக் காதில் வைத்துவிட்டாள்.

"வேணாம் சுகன்யா. கூப்பிட்டுச்சு. நாந்தான் போகல."

"ஏன்க்கா?"

"மூடிட்டா நிறுத்திருவாரு."

அவள் போனை இறக்கினாள். ஈர நாற்றை என் மடியில் வைத்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அன்று மாலையும் பனி என்றார். முதல் அழைப்பிலேயே எழுந்து போய், அவள் கொடுத்த நாற்றை மூடினேன். அதன்பிறகு அன்றிரவு முழுக்க அவர் பேசவில்லை.