எழுத்து விட்டது

ஏழாவது வரியில் அவள் பேனா நின்றது.

மூடும் திரவம். இரண்டு பாட்டில்.

பதினாறு நாள் கழித்து இன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். வந்ததும் வராததுமாகப் பேராசிரியர் இந்தப் பட்டியலை நீட்டிவிட்டார். டி.என்.ஏ. துண்டுகள் செய்கிற செலவைக் குறைக்க வேண்டும். எதை வாங்குவது, எதை விடுவது என்று அவள்தான் சொல்ல வேண்டும். அவருக்குத் துக்கம் விசாரிக்கத் தெரியாது, பாவம். வேலையைக் கொடுத்தார்.

முதல் ஆறு வரிகள் சுலபமாகப் போயின.

கரைப்பானில் கை வைக்கவில்லை. மலிவானதில் ஈரம் இருக்கும்; ஈரம் பட்டால் எல்லாம் பாழ். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துக்கான நான்கு பொடிகளையும் சின்னப் புட்டியாக மாற்றினாள். பெரியது, திறந்த பிறகு பாதிக்கு மேல் கெட்டுத்தான் போகிறது.

ஏழாவது வரி.

இயந்திரம் எழுத்து எழுத்தாகக் கோத்துக்கொண்டே போகும். நூறு இழையில் ஏதாவது ஒன்று ஓர் எழுத்தைத் தவறவிட்டுவிடும். அதன் முனையில் இந்தத் திரவம் மூடி போடும்.

அதற்கு மேல் அது வளராது.

குட்டைத் துண்டுகளுக்கு இது இல்லாமலும் ஓட்டலாம் என்று பேராசிரியர் வருடக்கணக்காகச் சொல்கிறார். அவள்தான் சண்டை போட்டு வாங்குவாள். மூடி போட்டால் கடைசியில் நல்லதைப் பிரித்தெடுப்பது சீக்கிரம் முடியும். நாலு மணிக்கு அவள் கிளம்பியாக வேண்டும். மகன் முகிலைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போக வேண்டும்.

இயந்திரத்தின் மேல் அவளே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது.

'எழுத்து விட்டது வளரக் கூடாது.'

முகில் பிறப்பதற்கு முன்னால் எழுதியது.

அவனுக்கு இரண்டு வயதானபோது டாக்டர் மரபணு அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்றார். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆறு வயதிலும் மூன்று வயதுச் சட்டை அவனுக்குச் சரியாக இருந்தது. அந்தச் சட்டையோடுதான் அவனைக் கடைசியாக அனுப்பினார்கள்.

சபீதா பக்கத்தில் வந்து நின்றாள். கூட வேலை செய்கிறவள். இத்தனை நாளும் அக்காவின் மேசையில் இன்னொருவரை உட்கார விடாதவள்.

"இதை மட்டும் சார் அடிக்கச் சொன்னாருக்கா. நான் விடலையே. அக்கா வந்தா என்னைக் கொன்னுருவாங்க சார்னுட்டேன். நம்ம சட்டம்தான் இருக்கே, எழுத்து விட்டது வளரக்..."

சொல்லும்போதே உறைத்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் சபீதாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. கோபமில்லை. யார் மேல் கோபப்படுவது? எழுதியது தன் கைதானே.

ஏழாவது வரியை அடித்தாள். போதாமல் அதன் மேலேயே இன்னொரு கோடு இழுத்தாள்.

"அக்கா, அப்ப அதுகளும் சேந்து வந்துருமே."

"வளரட்டும் சபீ. கடைசில ஜெல்லுல ஓடவிட்டு நான் பிரிச்சுக்கறேன்."

அதற்குச் சாயங்காலம் முழுக்க உட்கார வேண்டும். தினமும். சபீதா அதைச் சொல்ல வாயெடுத்தாள்.

அவள் எட்டாவது வரிக்குப் போயிருந்தாள்.

"இனிமே நாலு மணிக்குக் கெளம்ப வேண்டியதில்லைல்ல."